பார்த்தவருக்கு ஒரு பெல்

காலை ஆறு மணிக்குச் சாத்தம் படகு ஜெட்டியிலிருந்து சைக்கிள்கள் கிளம்பும்போது அக்கா கேட்கும் முதல் கேள்வி, "எல்லாரும் பெல் அடிச்சுப் பாத்தாச்சா?" என்பதுதான். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். போர்ட் பிளேரில் சமதரை என்று சேர்ந்தாற்போல நூறு அடி கிடைப்பது கஷ்டம். ஏறி முடித்தால் இறக்கம், இறங்கி முடித்தால் ஏற்றம். இப்படிப்பட்ட ஊரில் பிரேக்கை விட்டுவிட்டுப் பெல்லை விசாரிக்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிரேக்கை நான் பார்த்துக்கொள்வேன். டெலானிப்பூரில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். பஞ்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசி சைக்கிளில் வருவது என் வேலை.

சுனாமி முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம் அது. மெயின்லேண்டிலிருந்து டூரிஸ்ட் கூட்டம் மறுபடி வர ஆரம்பித்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஜெயிலைப் பார்த்தார்கள், போட்டில் ஏறி ஹேவ்லாக் போனார்கள், சிப்பி மாலை வாங்கினார்கள். இரண்டாம் உலகச் சண்டையில் ஜப்பான்காரன் மூன்றரை வருடம் இந்த ஊரை ஆண்டுவிட்டுப் போனதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடலோர ரோட்டில் அவன் கட்டிய காங்கிரீட் பங்கர்கள் சும்மா நின்றன. உள்ளே ஆடு படுத்துக் கிடந்தது. அக்காதான் ஒன்பது சைக்கிளைத் திரட்டிக்கொண்டு, "வாங்க, காட்டுதேன்" என்று கிளம்பினார்.

ஊரே அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றேன். உண்மையில் என்னைவிட இரண்டு மாதம் சின்னவர். குள்ளம், வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை, காலில் ஆண்கள் போடுகிற ரப்பர் செருப்பு. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து தங்கிவிட்ட குடும்பம். அவர் பேச்சில் பாதி தூத்துக்குடி, பாதி அந்தமான் இந்தி. என்னைப் "பார்ட்னர்" என்பார். அந்தப் பார்ட்னர்ஷிப்பில் என் பங்கு பஞ்சர் மட்டும்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பெல் விஷயத்துக்கு வருகிறேன். சாத்தம் மரமில்லுக்குள் குண்டு விழுந்த பள்ளம் ஒன்று இருக்கிறது. அதுதான் முதல் நிறுத்தம். வந்தவர்களை வட்டமாக நிற்க வைத்து அக்கா சட்டம் போடுவார்.

"நல்லா கேட்டுக்கோங்க. கண்ணால பாத்தவங்க என்கிட்ட நேரா சொன்னதுன்னா ஒரு பெல். பாத்தவங்ககிட்ட கேட்டவங்க சொன்னதுன்னா ரெண்டு பெல். எனக்குத் தெரியலைன்னா ரெண்டு கையையும் விட்டுருவேன். பஸ், அவ்வளவுதான். பெல் இல்லாம நான் ஏதாவது சொன்னேன்னா அது டிபன் விஷயமா இருக்கும்."

கையை விடுவது என்றால் நின்ற இடத்தில் கையை விரிப்பது என்று நினைப்பார்கள். அபர்தீன் பஜாரிலிருந்து கடலை நோக்கி இறங்கும்போதுதான் தெரியும். அந்த இறக்கத்தில் யாராவது ஒருவர் தவறாமல் கத்திக் கேட்பார்: "இங்கேருந்து ராஸ் தீவுக்குக் கடலுக்கடியில சுரங்கம் இருக்காமே?" அவ்வளவுதான். அக்கா ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மேலே தூக்குவார். துப்பட்டா பறக்கும். சைக்கிள் நேர்க்கோட்டில் பாயும். எதிரே ஆட்டோ வரும். பின்னால் வருகிற எட்டுப் பேரும் "ஓ"வென்று கத்துவார்கள். நான் என் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "தெரியாது" என்ற ஒரு பதிலுக்கு ஜனங்கள் அப்படி ஆர்ப்பரித்து நான் வேறு எங்கும் கண்டதில்லை. அக்கா கையை விடுவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் கஷ்டமான கேள்வியாக யோசித்து வைத்துக்கொண்டு வருவார்கள்.

ஒரு பெல் அடிப்பதற்கு அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் தமிழ் ஆட்கள் பெரும்பாலும் சண்டைக்கு அப்புறம் இந்தத் தீவுக்கு வந்தவர்கள். ஜப்பான்காரனைப் பார்த்தவர்கள் வேண்டுமென்றால் அதற்கு முன்பிருந்தே இருக்கிற குடும்பங்களைத் தேட வேண்டும். ஜப்பான்காரன் வந்த நாற்பத்திரண்டுக்கு முந்தியவர்கள் என்பதால் 'ப்ரீ ஃபார்ட்டி டூ' என்றே அவர்களுக்குப் பெயர். அக்கா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு பாம்பூஃப்ளாட் போய்விடுவார். அங்கே சாச்சா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பெரியவர் இருந்தார். லம்பா லைனில் இப்போது விமானம் இறங்குகிற இடத்தில் ஜப்பான்காரன் ஓடுதளம் போட்டபோது, சின்னப் பையனாகத் தகர டின்னில் கல் சுமந்தவர். கன்னத்தில் அறைந்த அதே சிப்பாய் சாயங்காலம் ஒரு உருண்டை சோறு கொடுத்தான் என்று சொன்னவர்.

"கண்ணால பாத்தீங்களா சாச்சா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். சாச்சாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அடுத்த ஞாயிறு அக்கா மறுபடி போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். மூன்றாவது தடவை சாச்சா, "கல் சுமந்தது நான். அறை வாங்கினதும் நான். சோறு வாங்கினது என் அண்ணன்" என்றாராம். அக்கா அன்றைக்குத் திரும்பி வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஜெட்டியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "பார்ட்னர்! கல்லுக்கு ஒரு பெல், அறைக்கு ஒரு பெல், சோத்துக்கு ரெண்டு பெல்!" லாட்டரி விழுந்தவர்கூட அப்படிக் குதிக்கமாட்டார். இந்தச் சாச்சா விஷயம் எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். அவர் சட்டப்படி பார்த்தால் நான் இப்போது ரெண்டு பெல் அடிக்க வேண்டும்.

"சோறு அண்ணன் வாங்கினா என்ன, தம்பி வாங்கினா என்ன? கதை நல்லாத்தானே இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது நம்ம கதை இல்ல பார்ட்னர். அடுத்த வீட்டுப் பாத்திரம். வாங்கினா நசுங்காம திருப்பிக் குடுக்கணும்."

அது மட்டும் காரணம் இல்லை என்று பிறகு தெரிந்தது. அக்காவுக்கு ஒரு தம்பி. சுனாமி அன்று அவன் ஹட்பேயில் இருந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை. நாலாம் நாள் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர் அக்காவிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனார். டிவியில் வந்ததோ வேறு. அலை வந்தபோது தம்பி போனில் "அக்கா, காப்பாத்து அக்கா" என்று கூப்பிட்டதாகச் சொன்னார்கள்.

"அவன்கிட்ட போனே கிடையாது" என்றார் அக்கா. ஃபெர்ரியில், கம்பியைப் பிடித்தபடி, கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கடைசியில என்ன சொன்னான்னு யாருக்குத் தெரியும்? பக்கத்துல யாரும் இல்ல. எங்கம்மா டிவி பாத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் கேக்காங்க, 'அவன் கூப்புட்டானாமே, நீ ஏம்ட்டி எடுக்கல'ன்னு. இல்லம்மா, அவன்கிட்ட போனே இல்லன்னு நான் ஆயிரம் தடவ சொல்லியாச்சு. எடுபடல. கதை நல்லா இருக்குல்லா, அதான்."

இதற்கு ஒரு பெல். என்னிடம் அவரே சொன்னது.

இதைக் கேட்ட பிறகும் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என் வாய் அப்படி. கடைசி சைக்கிளில் வருகிறவனுக்குப் பேச ஆள் கிடைக்காது, கிடைத்தால் விடமாட்டான். ஒருநாள் மெயின்லேண்டுக் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் பின்தங்கி என்னோடு வந்தார்கள். கோர்பின்ஸ் கோவ் போகிற கடலோர ரோட்டில், சரிவில் தனியாக ஒரு பங்கர் உண்டு. அக்கா அங்கே கையை விரித்துவிட்டுப் போய்விடுவார். யார் இருந்தார்கள், என்ன நடந்தது, ஒன்றும் தெரியாது. "அவ்வளவுதானா அண்ணா?" என்று அந்தப் பிள்ளைகள் முகம் சுருங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா சொல்லமாட்டாங்க. ஜப்பான் ஆபீஸர் ஒருத்தர் சரணடையறதுக்கு முன்னாடி தன்னோட வாளையும் ஒரு இரும்புப் பெட்டியையும் இதுக்கு அடியிலதான் புதைச்சாராம்" என்று எடுத்துவிட்டேன்.

அந்த நாலு முகத்தையும் பார்த்திருக்க வேண்டும்! ஒரு பெண் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பங்கர் சுவரைத் தொட்டுப் பார்த்தது. போட்டோ எடுத்தார்கள், என்னையும் எடுத்தார்கள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த மழைக்காலம் முடிந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது பங்கர் சாய்ந்து கிடந்தது. யாரோ கடப்பாரையோடு வந்து அடியில் குடைந்திருக்கிறார்கள். மழை மீதி மண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்த துப்பாக்கித் துவாரம் வானத்தைப் பார்த்தது. அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டு, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொடுகிறமாதிரி அந்தக் காங்கிரீட்டைத் தொட்டார்.

"அரே, யாரு இப்படி செஞ்சது? எதுக்கு?"

நான் பஞ்சர் பையைத் திறந்து எதையோ தேடினேன்.

அக்காவா விடுவார்! சாச்சாவை விசாரித்த அதே மும்முரத்தோடு கிளம்பிவிட்டார். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, படகுத்துறை என்று ஒரு இடம் பாக்கியில்லை. ஒரு வாரம் கழித்து என் கடைக்கு மூச்சிரைக்க வந்தார். கண் இரண்டும் மின்னியது.

"பார்ட்னர்! அங்க வாள் இருந்திருக்கு! நாலு பேரு சொல்லுதாங்க. இரும்புப் பெட்டி ரெண்டாம். டீக்கடைக்காரரோட மாமா, அந்த ஆபீஸர் குழி தோண்டினதைப் பாத்திருக்காராம். மாமா இப்ப இல்ல. ஆனா இவருகிட்ட சொல்லியிருக்காரு. இத்தனை நாள் நான் கையை விரிச்ச எடம் பாத்துக்கோ!"

நான் ஒரு பெட்டிதான் வைத்தேன். இரண்டாவது பெட்டியும் மாமாவும் எங்கிருந்து முளைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் சரி.

அடுத்த வாரம் டூரிசம் ஆபீஸர்கள் மூன்று பேர் எங்கள் சவாரியைப் பரீட்சை பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் ஒரு லெட்டர் கொடுத்தால்தான் அடுத்த சீசனில் எங்கள் சைக்கிள் ஜெட்டியில் நிற்க முடியும். கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அன்று காலை ஜெட்டியில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அக்கா குனிந்து என் காதில் சொன்னார்:

"வாள் கதைக்கு இன்னைக்கு ரெண்டு பெல் குடுத்துரப்போறேன். பக்கா!"

நான் பம்பைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தேன். "அக்கா, அது வந்து..." என்றேன். அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அந்தச் சவாரி முழுக்க நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. மரமில்லில் ஒரு பெல். மூன்று பேரில் ஒருவரான அம்மா ஆபீஸர் கேட்டுத் தலையை ஆட்டினார். பஜார் இறக்கத்தில் இளைய ஆபீஸர் சுரங்கத்தைக் கேட்டார்; அக்கா இரண்டு கையையும் தூக்கினார்; மூன்று பேரும் ஸ்கூல் பிள்ளைகள் மாதிரிக் கத்தினார்கள். லெட்டர் கிடைத்த மாதிரிதான். பங்கருக்கு இன்னும் இரண்டு வளைவு. நான் மட்டும் பெல்லை எண்ணிக்கொண்டு வந்தேன். இத்தனை நாள் அடித்ததில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இன்றைக்கு அடிக்கப்போவது பொய். அதுவும் என் பொய். நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் சாச்சாவின் கல்லும் அறையும்கூடப் பொய்யாகிவிடும். அதைவிட, டிவிக்காரர் அக்காவுக்குச் செய்ததை நான் அக்காவின் கையாலேயே செய்ய வைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய ஆபீஸரின் பின் டயர் புஸ்ஸென்று போனது.

அக்கா திரும்பிப் பார்த்து, "பார்ட்னர், நீ சார கவனி, நாங்க முன்னால போறோம்" என்று கையசைத்துவிட்டு மற்ற இருவரோடு வளைவில் மறைந்தார். நான் சைக்கிளைக் கவிழ்த்தேன், சக்கரத்தைக் கழற்றினேன், டியூபை வெளியே இழுத்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, சக்கரத்தைப் பெரிய ஆபீஸர் கையில் கொடுத்தேன்.

"சார், ரெண்டு நிமிஷம் பிடிங்க."

"க்யா? எங்கே போறே?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. நான் என் சைக்கிளில் ஏறி மிதித்துவிட்டேன். சவாரிக்காரரை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடியது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தேன். பெடல் கழன்று போகும்போல இருந்தது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. கடல் காற்றில் அக்காவின் குரல் கேட்டது.

"...இந்த எடத்துல ஒரு ஜப்பான் ஆபீஸர், சரணடையறதுக்கு முன்னாடி..."

அவர் கட்டைவிரல் பெல்லின் மேல் இருந்தது.

"அடிக்காதீங்க! அக்கா, அடிக்காதீங்க!" பிரேக் போட மறந்து நேரே போய் சாய்ந்த பங்கரில் மோதி நின்றேன். முழங்கையிலிருந்து ரத்தம் வந்தது. "அது நான் சொன்னதுக்கா. வாளும் இல்ல, பெட்டியும் இல்ல. காலேஜ் பிள்ளைங்க கேட்டாங்கன்னு நானே கட்டிவிட்டேன். டீக்கடைக்கு எப்படிப் போச்சுன்னு தெரியாது. தோண்டினது யாருன்னு தெரியாது. கதை என்னோடது."

அக்கா என்னையே பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மெதுவாகக் கட்டைவிரலைப் பெல்லிலிருந்து எடுத்தார்.

"கண்ணால பாத்தியா?"

"என்னத்தைக்கா?"

"இந்தக் கதை பொறந்ததை."

"நான்தானேக்கா சொன்னேன். இந்த எடத்துலதான் நின்னேன்."

"அப்ப அது ஒரு பெல். அடி."

என் சைக்கிள் பெல் மோதலில் நசுங்கியிருந்தது. அக்கா தன் சைக்கிளை என் பக்கம் தள்ளினார். நான் ஒரு தடவை அடித்தேன். அக்கா ஆபீஸர்கள் பக்கம் திரும்பினார்.

"சார், மேடம், இந்தப் பங்கர் சாஞ்சது சண்டையில இல்ல. ஒரு பொய்யில. பாத்த சாட்சி இவரு, என் பார்ட்னர். இங்க அதுக்கு மேல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணும் இல்ல." இரண்டு கையையும் விரித்தார்.

அம்மா ஆபீஸர் கேட்டார்: "அப்போ மற்ற கதைகளுக்கு என்ன நிச்சயம்?"

"நிச்சயம்னு நான் சொல்லமாட்டேன் மேடம். இவரு ஓடி வரலைன்னா இன்னைக்கு நானே தப்பா அடிச்சிருப்பேன். யாரு சொன்னாங்கன்னுதான் பெல்லு சொல்லும். போய்க் கேட்டுக்கலாம். பாம்பூஃப்ளாட் ஃபெர்ரி அரை மணிக்கு ஒண்ணு இருக்கு."

அந்த அம்மா சிரித்தார். அதே நேரம் வளைவில் பெரிய ஆபீஸர் வந்தார், வேர்த்து வழிய, ஒரு கையில் சைக்கிளும் மறு கையில் சக்கரமுமாக. எங்கள் நாலு பேரையும் பார்த்து, "என்ன ஆச்சு, வாளைக் கண்டுபிடிச்சுட்டீங்களா?" என்றார். கதை அவர் வரைக்கும் போயிருந்தது!

மூன்று வாரத்தில் லெட்டர் வந்தது. அந்த மூன்று வாரமும் அக்கா என்னோடு பேசவில்லை. லெட்டர் வந்த ஞாயிறு, "வா" என்று ஒரே வார்த்தை சொல்லிப் பாம்பூஃப்ளாட்டுக்கு இழுத்துப் போனார். அதுதான் நான் சாச்சாவை முதலும் கடைசியுமாகப் பார்த்தது. அவர் முன்னால் நின்று வாள் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். சாச்சா முழுதும் கேட்டுவிட்டு, பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார். "வாளைப் புதைக்க அவன் என்ன பாகலா, பைத்தியமா?" என்றார். அக்காவும் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

சில வருடம் கழித்து, சொந்த ஊரில்தான் கண்ணை மூட வேண்டும் என்று அவர் அம்மா பிடிவாதம் பிடித்தார். அக்கா கப்பலேறினார். ஹேடோ துறைமுகத்தில் வழியனுப்பப் போனேன். சைக்கிளை என்னிடம் கொடுத்தார். அதில் பெல் இல்லை. கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அதையும் குடுத்துட்டுப் போகலாம்லக்கா?"

"இது நான் கேட்டதுக்கு அடிச்ச பெல்லு. நீ கேட்டதுக்கு நீ வாங்கி மாட்டிக்கோ."

வாங்கி மாட்டினேன். இப்போது முன் சைக்கிளில் நான் போகிறேன். பஜார் இறக்கத்தில் சுரங்கத்தைக் கேட்கிறார்கள். எனக்குக் கையை விடத் தைரியம் இல்லை, வாயால் தெரியாது என்கிறேன். சாச்சாவின் கல்லுக்கு அக்கா ஒரு பெல் அடிப்பார். சாச்சாவை நேரில் பார்த்தும் நான் அதைக் கேட்கவில்லை, அதனால் எனக்கு அது ரெண்டு. அறைக்கும் ரெண்டு. மரமில்லுக்கும் ரெண்டு. அக்காவிடம் சொன்னவர்கள் ஒருவர்கூட இப்போது இல்லை. வழி நெடுக ரெண்டு ரெண்டாகவே அடித்துக்கொண்டு போகிறேன்.

கோர்பின்ஸ் கோவ் ரோட்டில் அந்தச் சாய்ந்த பங்கர் வந்ததும் எல்லோரையும் நிறுத்துகிறேன். இதை யார் சாய்த்தது என்று கேட்பார்கள். அங்கே மட்டும் நான் ஒரு பெல் அடிக்கிறேன்.